சுகர் 194, ரத்தத்தில் அமிலம்: ஒரு சஷ்டி விரதமும் ஒரு மாத்திரையும்

சூரசம்ஹாரத்தன்று ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு என் போன் அடித்தது. பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவிலிருந்து டியூட்டி டாக்டர் பேசினார். சின்ன வயதுக் குரல்.

"ஸார், இந்தப் பேஷண்டோட பையில உங்க சீட்டு இருக்கு. டாபாக்ளிஃப்ளோசின் நீங்க எழுதினதா?"

ஆமாம் என்றேன். சர்க்கரை நோய்க்கான மாத்திரை அது.

"அஞ்சு நாளா வெறும் இளநீரும் பாலும்தானாம். அந்த மாத்திரைய மட்டும் விடாம போட்டிருக்கார். இன்னைக்கு காலைலயும் போட்டிருக்கார்."

எனக்கு அதற்குமேல் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விரதம் இருக்கப் போகிறார் என்பது எனக்குத் தெரியும். அந்த மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொன்னதும் நான்தான்.

அம்பாசமுத்திரம் பக்கம் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். இந்த நிகழ்வை எழுதுவதற்கு அவரும் அவர் மனைவியும் சம்மதம் கொடுத்தார்கள். ஆளை அடையாளம் காணக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களில் கைவைக்கவில்லை.

ஆள்

அவரை அண்ணாச்சி என்றே சொல்கிறேன், கிளினிக்கிலும் அப்படித்தான் கூப்பிடுவேன். வயது 57. ஆற்றுப் பாசனத்தில் வாழை போட்டிருக்கிறார், கொஞ்சம் நெல்லும் உண்டு. குடியும் புகையும் கிடையாது. சர்க்கரை நோய் வந்து 14 வருஷம். ஆரம்பத்திலிருந்தே ஒடிசலான உடம்பு. சுகர்காரர் என்றதும் நம் மனதில் வருகிற தொப்பை அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் காலையும் இரவும், காலையில் கிளிமிபிரைட் 2 மி.கி., ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் 40 மி.கி. இதெல்லாம் போட்டும் சுகரின் மூன்று மாத சராசரி இறங்கவில்லை என்பதால், ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் இரவு இன்சுலின் ஊசியும் சேர்த்திருந்தோம், 14 யூனிட். அதற்குப் பிறகும் அந்தச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.ஒன்.சி. 8.6-இல் நின்றது. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கொஞ்சம் ஒழுக ஆரம்பித்திருந்தது. சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின் 0.9, அதில் கோளாறு இல்லை.

சம்பவத்துக்கு நான்கு மாதம் முன்பு டாபாக்ளிஃப்ளோசின் 10 மி.கி. ஆரம்பித்தேன். அன்றைய கணக்கில் அது நல்ல முடிவு. சிறுநீரகத்தையும் இதயத்தையும் காப்பாற்றுவதாகப் பெரிய ஆய்வுகளில் நிரூபணமான மருந்து அது. 2020 அக்டோபரில் இந்தியாவில் காப்புரிமை முடிந்ததும் ஏகப்பட்ட கம்பெனிகள் அதைத் தயாரிக்க ஆரம்பித்தன. அதுவரை வசதியுள்ளவர்களுக்கு மட்டும் எழுதிக்கொண்டிருந்ததை அண்ணாச்சி போன்றவர்களுக்கும் எழுத முடிந்தது. மூன்று மாதத்தில் சராசரி 7.4 ஆனது. எடை 57 கிலோவிலிருந்து 54 கிலோ.

அவருக்கு சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். குண்டாக இருப்பவருக்கு மூன்று கிலோ குறைந்தால் சந்தோஷப்படலாம். 168 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருத்தர் 57-இலிருந்து 54-க்கு இறங்கினால் டாக்டர் கொஞ்சம் முகம் சுருக்க வேண்டும். நான் சுருக்கவில்லை. சீட்டில் "எடை குறைவு: நன்று" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

தீபாவளிக்கு முந்தின வாரம்

இந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கந்த சஷ்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி ஆறு நாள். பலர் முதல் நாளே திருச்செந்தூர் போய், கடலிலும் நாழிக்கிணற்றிலும் குளித்துவிட்டு, சம்ஹாரம் முடிகிறவரை அங்கேயே தங்கி விரதம் இருப்பார்கள். ஒருவேளை மட்டும் சாப்பிடுகிறவர்கள் உண்டு. பாலும் பழமும் எடுக்கிறவர்கள், இளநீர் மட்டும் குடிக்கிறவர்கள், மிளகு விரதம் இருக்கிறவர்கள் என்று அவரவர் உடம்புக்கும் வேண்டுதலுக்கும் தக்கபடி நடக்கும்.

அண்ணாச்சி பல வருஷமாகப் பாலும் பழமும் விரதம். அந்த வருஷம் மகள் முழுகாமல் இருந்தாள். அதனால் இன்னும் கடுமையாக, பகலில் இளநீர், ராத்திரி ஒரு தம்ளர் பால், அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டே போகலாம் என்று கிளினிக்குக்கு வந்தார். அதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். முக்கால்வாசிப் பேர் சொல்வதே இல்லை. சொன்னால் டாக்டர் வேண்டாம் என்பாரே என்று பயம்.

நான் வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை. சொன்னாலும் இருக்கத்தான் போகிறார்கள், அதோடு நம்மிடம் சொல்வதையும் நிறுத்திவிடுவார்கள். அதனால் மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துச் சொன்னேன். கிளிமிபிரைடை நிறுத்துங்கள், சாப்பிடாமல் அதைப் போட்டால் லோ சுகர் ஆகிவிடும். மெட்ஃபார்மின் ஒருவேளை போதும். ஊசியைப் பாதியாகக் குறைத்து 7 யூனிட் போடுங்கள்.

"இந்தக் கிட்னி மாத்திரை ஸார்?"

"அது லோ சுகர் ஆக்காது அண்ணாச்சி. அதைத் தாராளமா போடலாம்."

என் வாக்கியத்தின் முதல் பாதி சரி. டாபாக்ளிஃப்ளோசின் தனியாக லோ சுகர் ஆக்குவது அபூர்வம்தான். விரதம் என்றதும் என் மூளை லோ சுகரை மட்டுமே யோசித்தது. சர்க்கரை நோயாளி சாப்பிடாமல் இருந்தால் வரக்கூடிய ஒரே ஆபத்து அதுதான் என்று இருபது வருஷமாகப் பழகிய புத்தி.

ஆறு நாள்

இந்தப் பகுதியை அவர் மனைவியும் மகனும் சொன்னதிலிருந்து கோத்திருக்கிறேன்.

முதல் நாளே ஊசியை விட்டுவிட்டார். தங்கிய இடத்தில் ஃப்ரிட்ஜ் இல்லை, ஐஸ் டப்பாவைச் சுமந்து திரிய வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, "சாப்பிடாதவனுக்கு எதுக்கு ஊசி" என்ற நியாயம். லோ சுகரைப் பற்றி நான் போட்ட பயமும் அதில் சேர்ந்திருக்கும். ஆக, ஊசி இன்சுலின் போய்விட்டது, மாத்திரை மட்டும் மிஞ்சியது.

இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் அசதி. தண்ணீர் குடித்தால் சிறுநீர் அடிக்கடி வருகிறது, அந்தக் கூட்டத்தில் கழிப்பறை வரிசையில் யார் நிற்பது என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டார். இந்த மாத்திரை போடுகிற பாதிப்பேர் பஸ்ஸில் போகும்போதும் கல்யாண வீட்டிலும் இதைத்தான் செய்கிறார்கள். நாம் கேட்டால்தான் சொல்வார்கள்.

நாலாம் நாள் குமட்டல், மேல்வயிற்றில் வலி. கையில் மெஷின் இருந்தது. மகன் குத்திப் பார்த்தான், 168. "சுகர் நல்லாத்தான் இருக்கு, விரதம்ல, வயிறு காய்ஞ்சு போச்சு" என்று எல்லோரும் சமாதானமாகிவிட்டார்கள். அஞ்சாம் நாள் நாலைந்து தடவை வாந்தி. பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனார்கள். அங்கே சுகர் 182. கேஸ் என்று சொல்லி, வாந்திக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் ஊசி போட்டு அனுப்பினார்கள். அந்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விரத நாளில் வாந்தியும் வயிற்று வலியுமாக வருகிற நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது கேஸ்தான்.

ஆறாம் நாள் சாயங்காலம், கடற்கரையில் சம்ஹாரக் கூட்டத்துக்குள் நிற்கும்போது அண்ணாச்சிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நெஞ்சுவலி இல்லை. இழுத்து இழுத்து, ஆழமாக, ஓடி வந்தவர் மாதிரி மூச்சு. முதலுதவி செய்த இடத்தில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், கோளாறு இல்லை. ஆக்சிஜன் அளவு 99. சுகர் 194. கூட்டத்திலிருந்து காரை வெளியே எடுக்கவே வெகுநேரம் ஆகி, பாளையங்கோட்டை வந்து சேர எட்டரை.

அவர் மனைவி பிறகு என்னிடம் ஒரு விஷயம் சொன்னார்கள். "கார்ல பக்கத்துல உக்காந்திருந்தேன். அவிய வாயில ஒரு வாடை ஸார். வாழைத்தார் பழுக்கப் போட்ட ரூம்புக்குள்ள போனா வருமே, அது மாதிரி. மூணு நாளா ஒண்ணும் சாப்பிடாத மனுசன் வாயில எப்படிப் பழ வாடைன்னு எனக்கு ஒரு மாதிரியா இருந்துது."

அது அசிட்டோன். உடம்பு சர்க்கரைக்குப் பதிலாகக் கொழுப்பை எரிக்கும்போது கீட்டோன் என்ற அமிலப் பொருள் உண்டாகும்; அது ஏறியவர்களின் மூச்சில் வரும் வாடை. சரியான அறிகுறியை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான், ஆனால் யாரும் அவரிடம் கேட்கவில்லை.

அவசரப் பிரிவில்

அந்த டியூட்டி டாக்டர் இரண்டு காரியம் செய்தார். ஆக்சிஜன் 99 இருக்கிறவர் ஏன் இப்படி மூச்சு வாங்குகிறார் என்று யோசித்தார். ரத்தத்தில் அமிலம் கூடினால் அதைக் கரியமில வாயுவாக ஊதித் தள்ள உடம்பு இப்படித்தான் ஆழமாக மூச்சு விடும். அப்புறம், மஞ்சள் பையிலிருந்த மாத்திரை அட்டைகளை எல்லாம் மேஜையில் கொட்டச் சொன்னார்.

ரத்த வாயுப் பரிசோதனையில், அமில அளவைக் காட்டும் பி.எச். 7.14. பைகார்பனேட் 6, சாதாரணமாக 22-க்கு மேல் இருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 18. சோடியம் 136, குளோரைடு 102. இதை வைத்து அயனி இடைவெளி கணக்கிட்டால் 28 வருகிறது, 12-ஐ ஒட்டி இருந்தால் போதும். லாக்டேட் என்ற இன்னொரு அமிலப் பொருள் 1.9. இந்த எண் முக்கியம், ஏனென்றால் மெட்ஃபார்மின் போடுகிறவருக்கு ரத்தத்தில் அமிலம் என்றதும் எல்லோரும் மெட்ஃபார்மினைத்தான் பிடிப்பார்கள். லாக்டேட் சரியாக இருந்தால் அது குற்றவாளி இல்லை. ரத்தக் கீட்டோன் 5.9 மில்லிமோல். 3-க்கு மேல் போனாலே ஆபத்து. கிரியாட்டினின் 1.5. பொட்டாசியம் 5.4: அமிலமும் உலர்ந்த சிறுநீரகமும் டெல்மிசார்டனும் ஐந்து நாள் இளநீரும் சேர்ந்த கணக்கு.

சிறுநீரில் கீட்டோன் மூன்று பிளஸ், சர்க்கரையும் மூன்று பிளஸ். ரத்தத்தில் 194 இருக்கும்போது சிறுநீரில் அத்தனை சர்க்கரை இருக்கக் கூடாது. சிறுநீரகம் சர்க்கரையை வெளியே விட ஆரம்பிப்பது சுமாராக 180-க்கு மேல்தான், அதுவும் கொஞ்சமாக. இது மாத்திரை போட்ட கையெழுத்து.

ஆக நோய், சர்க்கரை ஏறாத கீட்டோ அமிலத்தேக்கம். 300, 400, 500 என்று சுகர் ஏறி வருகிற கீட்டோ அமிலத்தேக்கத்தை எல்லா டாக்டருக்கும் தெரியும். இது அதன் முகமூடி போட்ட தம்பி. 2024-இல் வந்த சர்வதேச ஒருமித்த அறிக்கை, சுகர் 200-க்குக் கீழே இருந்தாலும் ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் இந்த நோயை யோசிக்கலாம் என்று வரையறையையே தளர்த்தியிருக்கிறது.

சிகிச்சையில் குடும்பத்துக்கு ஒரு பெரிய குழப்பம் வந்தது. ஒரு பக்கம் உப்புத் தண்ணீர் பாட்டில். இன்னொரு பக்கம் மணிக்கு 5 யூனிட் சொச்சம் இன்சுலின், கிலோவுக்கு 0.1 யூனிட் வீதம். மூன்றாவது பக்கம் பத்து சதவீத குளுக்கோஸ். "சுகர்காரருக்கு எவனாவது குளுக்கோஸ் ஏத்துவானா?" என்று மகன் சத்தம் போட்டிருக்கிறான். வார்டில் பாதிப்பேர் அவன் பக்கம். ஆனால் இங்கே இன்சுலின் கொடுப்பது சுகரைக் குறைக்க அல்ல, கீட்டோன் உற்பத்தியை நிறுத்த. சுகர் ஏற்கெனவே 194-தான் இருக்கிறது. குளுக்கோஸ் இல்லாமல் அவ்வளவு இன்சுலின் ஏற்றினால் சில மணி நேரத்தில் லோ சுகர் ஆகிவிடும். லோ சுகருக்குப் பயந்து இன்சுலினைக் குறைத்தால் கீட்டோன் இறங்காது. அதனால் ஒரு கையால் குளுக்கோஸ், மறு கையால் இன்சுலின்.

பன்னிரண்டு மணி நேரத்தில் பொட்டாசியம் 3.3-க்கு இறங்கிவிட்டது, அதையும் ஏற்ற வேண்டியதாயிற்று. இருபத்திரண்டாவது மணி நேரத்தில் கீட்டோன் ஒன்றுக்கு வந்ததும் சொட்டு மருந்தைக் குறைத்தார்கள். மறுநாள் அது திரும்ப 2.6-க்கு ஏறியது. மறுபடி ஆரம்பித்து, முழுசாக அடங்க மூன்று நாள். டாபாக்ளிஃப்ளோசினின் அரை ஆயுள் சுமார் 13 மணி நேரம் என்று புத்தகத்தில் இருக்கும்; சிறுநீரகத்தில் அதன் வேலை அதைவிட நீளமாக ஓடும். அண்ணாச்சிக்குக் கடைசி மாத்திரை போட்டு ஐந்தாவது நாளும் சிறுநீரில் சர்க்கரை வந்துகொண்டிருந்தது.

ஏழாம் நாள் வீட்டுக்கு வந்தார். பிறகு எடுத்த சி-பெப்டைடு, வெறும் வயிற்றில் 0.4. கணையத்தில் சொந்த இன்சுலின் கிட்டத்தட்ட வறண்டுவிட்டது என்று அர்த்தம். முதல் வகைச் சர்க்கரை நோய்க்கான எதிர்ப்பொருள் சோதனையில் ஒன்றும் இல்லை. பதினாலு வருஷத்தில் கணையம் தேய்ந்துபோன இரண்டாம் வகைதான். நான்கு மாதத்துக்கு முன்பே இந்தப் பரிசோதனையை எடுத்திருந்தால் அந்த மாத்திரையை எழுதியிருக்க மாட்டேன்.

குளமும் மறுகாலும்

அவருக்கு எப்படி விளக்கினேனோ அப்படியே இங்கும் சொல்கிறேன். நம் ரத்தத்திலிருந்து ஒரு நாளைக்கு சுமார் 180 கிராம் சர்க்கரை சிறுநீரக வடிகட்டிக்குள் இறங்குகிறது. அவ்வளவையும் சிறுநீரகம் திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கே அனுப்பிவிடும். அதில் சுமார் 90 சதவீதத்தை உறிஞ்சுகிற வாயிலுக்கு எஸ்.ஜி.எல்.டி.2 என்று பெயர். இந்த மாத்திரை அந்த வாயிலை அடைக்கிறது. நாளைக்கு 70 கிராம் அளவுக்குச் சர்க்கரை சிறுநீரோடு போகும். ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835-இல் பிரித்தெடுத்த ஃபுளோரிசின் என்ற கசப்புப் பொருள்தான் இந்தக் குடும்பத்துக்கே பாட்டன்.

"குளத்து மறுகாலை ரெண்டடி தாழ்த்தி வெட்டிவிட்டா என்ன ஆகும் அண்ணாச்சி?"

"எம்புட்டு மழை பெஞ்சாலும் குளம் பெருகாது."

"அப்ப அளவுக்கல்லைப் பாத்து மழை எவ்வளவுன்னு சொல்ல முடியுமா?"

அவர் சிரித்துவிட்டார். குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற வழிதான் மறுகால். மெஷினில் காட்டுகிற சுகர்தான் அந்த அளவுக்கல். சாதாரணமாக இன்சுலின் வறண்டால் சுகர் ஏறும், அந்த எண் நம்மைக் கூப்பிட்டுச் சொல்லும். இந்த மாத்திரை போட்டிருப்பவருக்கு ஏறுகிற சுகரெல்லாம் மறுகால் வழியாகப் போய்விடுவதால் எண் 168, 182, 194 என்றே நிற்கும். உள்ளே வேறொரு காரியம் நடந்துகொண்டிருக்கும்.

அது என்ன காரியம்? கொழுப்புக் கிடங்குக்குப் பூட்டு இன்சுலின். சுகர் இறங்கினால் கணையம் இன்சுலினைக் குறைத்து, அதற்கு எதிரான குளுக்ககானைக் கூட்டும். அண்ணாச்சிக்குக் கணையத்தில் இருந்ததே கொஞ்சம், ஊசியையும் நிறுத்திவிட்டார். சாப்பாடு இல்லை. இளநீரில் வருகிற சில கிராம் சர்க்கரையும் சிறுநீரில் போய்விட்டது. பூட்டு கழன்று கொழுப்பு வெள்ளமாக ஈரலுக்கு வந்து கீட்டோனாக மாறியது. தண்ணீர் குடிக்காததால் அதை வெளியேற்றவும் வழியில்லை. இதில் எந்த ஒன்று தனியாக இருந்திருந்தாலும் ஒருவேளை தப்பியிருப்பார். நாலும் ஒரே வாரத்தில் சேர்ந்தன.

இது எல்லோருக்கும் வருவது இல்லை. 2018-இல் வெளியான டாபாக்ளிஃப்ளோசின் ஆய்வில் 17,160 பேரைச் சராசரி நான்கு வருஷம் பார்த்தார்கள். மாத்திரை போட்டவர்களில் ஆயிரத்தில் மூன்று பேருக்கு, போடாதவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்குக் கீட்டோ அமிலத்தேக்கம் வந்தது. மறுபக்கம், 2019-இல் வந்த ஆய்வில் இதயம் பலவீனமானவர்களுக்கு நோய் மோசமாவதும் இதயச் சாவும் 26 சதவீதம் குறைந்தன. 2020-இல் வந்ததில் சிறுநீரக நோய் முற்றுவதும் அதையொட்டிய சாவும் 39 சதவீதம் குறைந்தன. இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக் காலையில் மாத்திரையைத் தூக்கிப் போட வேண்டாம். என் கிளினிக்கில் இன்றைக்கும் நிறையப் பேருக்கு எழுதுகிறேன். என் சொந்த அண்ணன் போடுகிறார்.

எப்போது நிறுத்துவது

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கீட்டோ அமிலத்தைப் பற்றி எச்சரித்தது 2015 மே மாதம். அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று 2020-இல் மருந்துக் குறிப்பிலேயே சேர்த்தார்கள். இதே குடும்பத்து எர்ட்டுகிளிஃப்ளோசினுக்கு மட்டும் நான்கு நாள். அறுவை சிகிச்சைக்கு எதற்கு? அப்போதும் சாப்பாடு நிற்கிறது, உடம்பு நெருக்கடியில் இருக்கிறது. குடலைச் சுத்தம் பண்ணிக் குழாய் விட்டுப் பார்க்கிற பரிசோதனைக்கும் இதே காரணம்தான். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஹெர்னியாவுக்கு அனுப்பிய ஒருவருக்கு ஒழுங்காக மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்லியும் இருக்கிறேன். அறுவை சிகிச்சைக்கு முந்தின ராத்திரிப் பட்டினிக்கு நிறுத்தத் தெரிந்த எனக்கு, ஆறு நாள் சஷ்டிப் பட்டினிக்கு நிறுத்தத் தோன்றவில்லை. ஒன்றை மருத்துவம் என்றும் மற்றதைக் கோயில் விஷயம் என்றும் தனித்தனி டப்பாவில் போட்டு வைத்திருந்தேன்.

இப்போது என் வழக்கம் இது: ஒரு நாளுக்கு மேல் சாப்பாட்டை நிறுத்துகிற விரதம் என்றால் மூன்று நாள் முன்பே இந்த மாத்திரை நிற்கும். விரதம் முடித்து இரண்டு வேளை வழக்கம்போல் சாப்பிட்டு, தண்ணீரும் நன்றாகக் குடித்த பிறகுதான் மறுபடி. காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு என்று சாப்பிட முடியாமல் படுத்தால் அன்றைக்கே நிறுத்த வேண்டும். வாந்தியும் போக்குமாக உடம்பு வற்றுகிறபோது மெட்ஃபார்மினும் டெல்மிசார்டன் வகை அழுத்த மாத்திரையும்கூட நிற்க வேண்டியவை. அதை டாக்டரிடம் போனில் கேட்டுச் செய்யுங்கள். இன்சுலின் ஊசி மட்டும் அப்படி இல்லை. ஊசி போடுகிறவர்கள் அளவைக் குறைக்கலாம், தானாக முழுசாக நிறுத்தக் கூடாது. சாப்பிடாதவனுக்கு எதுக்கு ஊசி என்ற கேள்விக்குப் பதில்: கொழுப்புக் கிடங்கின் பூட்டு கழலாமல் இருக்க.

மேலப்பாளையத்திலிருந்து வருகிறவர்கள் நோன்பைப் பற்றிக் கேட்பார்கள். அது வேறு கணக்கு. மஃரிபுக்குப் பிறகு சாப்பாடும் தண்ணீரும் உண்டு என்பதால், ஏற்கெனவே பழகியவர்கள் பெரும்பாலும் நோன்பு திறக்கும்போது அதைப் போட்டுக்கொள்ளலாம். ரமலானுக்கு முந்தின வாரம் புதிதாக ஆரம்பிக்க மட்டும் கூடாது. வயதானவர், சிறுநீரகம் பலவீனமானவர், நீர் மாத்திரை போடுகிறவர் என்றால் தனியாகப் பேச வேண்டும்.

மாத்திரை போடுகிறவருக்கு வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல், அளவுக்கு மீறிய அசதி, இதில் எது வந்தாலும் சுகர் எண் என்ன காட்டினாலும் கீட்டோன் பார்க்க வேண்டும். ரத்தத்தில் பார்ப்பதுதான் நம்பகம். நம் பக்கத்து மெடிக்கலில் சுலபமாகக் கிடைப்பது சிறுநீர்க் குச்சி. அதில் பிளஸ் வந்தால் உடனே கிளம்பலாம். ஒன்றும் வரவில்லை என்றால் மட்டும் நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். அந்தக் குச்சி கீட்டோனில் ஒரு வகையைத்தான் காட்டும், அதிகமாக இருக்கிற வகையைக் காட்டாது.

இன்னொரு சிக்கல் அட்டை. ஒவ்வொரு கம்பெனிக்கு ஒரு நிறம், ஒரு வடிவம். "மஞ்சள் மாத்திரையை நிறுத்துங்க" என்றால் ஒருவருக்கு அது இதுவாகவும் இன்னொருவருக்கு வைட்டமினாகவும் இருக்கும். இதை மெட்ஃபார்மினோடோ சிட்டாகிளிப்டினோடோ ஒரே வில்லையில் சேர்த்தும் விற்கிறார்கள். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின், கானாக்ளிஃப்ளோசின் என்று "ஃப்ளோசின்" என முடிகிற பெயர் இருக்கிறதா என்று படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளையிடம் காட்டிக் கேளுங்கள். இருந்தால் அந்த அட்டையில் மார்க்கர் பேனாவால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. சாப்பாடு நின்றால் பெருக்கல் குறி போட்ட மாத்திரையும் நிற்கும், அவ்வளவுதான் விதி. பிறப்புறுப்பில் அரிப்பு, பூஞ்சை வருவது தனிக் கதை. அது அடிக்கடி வருகிறது, சுத்தமும் களிம்புமாகச் சரியாகிவிடும். கூச்சப்பட்டு மறைக்காமல் சொல்லிவிட்டால் போதும்.

என் பங்கைச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். சீட்டின் மூலையில் இப்போது இரண்டு கேள்வி எழுதி வைத்திருக்கிறேன்: விரதம் உண்டா, எந்த மாதம்? கடைசியாக எடை எவ்வளவு? புரட்டாசி முடியும்போது நோட்டைப் புரட்டி இந்த மாத்திரை போடுகிறவர்களுக்கு என் கம்பவுண்டர் போன் பண்ணுவார். போன வருஷம் அப்படிக் கூப்பிட்டதில் மூன்று பேர் சஷ்டிக்குத் தயாராக இருந்தார்கள். மூவரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆனதும் அண்ணாச்சி மனைவியோடு கிளினிக்குக்கு வந்தார். எடை 55. ஊசி இரண்டு வேளை, மெட்ஃபார்மின், அவ்வளவுதான் மருந்து. முகம் தெளிந்திருந்தது. பன்னீர் இலையில் மடித்த விபூதி கொண்டு வந்திருந்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டியது நான், சொல்லாதது என் தப்பு என்று. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஊசிய நிறுத்தச் சொல்லி நீங்க சொல்லலியே ஸார், அது நானா செஞ்சது" என்றார். அடுத்த வருஷம் ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம், ஊசியோடு, ஐஸ் டப்பாவோடு என்று பேசி முடித்தோம்.

கிளம்பும்போது, வீட்டில் அந்த மாத்திரை இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா, இருந்தால் கொண்டுவந்து கொடுங்கள் என்று கேட்டேன்.

"இல்ல ஸார்," என்றார்கள் அந்த அம்மா. "ரெண்டு அட்டை அப்படியே பிரிக்காம இருந்துது. காசு போட்டு வாங்கினதை எதுக்கு வீணாக்கணும்னு கடையத்துல எங்க மதினிக்குக் குடுத்துட்டேன். அவளுக்கும் சுகர்தான். அவளும் இவிய மாதிரியே ஒல்லிதான், ஊசிதான் போடுதா."

நான் எழுந்து மேஜைமேல் இருந்த போனை அவர்கள் பக்கம் தள்ளினேன்.